பேஷ்ஆர்சியில் போடுவதா, புரொஃபைலில் போடுவதா?

என் அக்கா மகனுக்கு நீடாமங்கலம். பாலிடெக்னிக் படிக்கிறான். குறுவை அறுப்பு சமயத்தில் அவன் அப்பாவுக்காகச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, எழுதினான். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள். விலை மட்டும் குவிண்டால் கணக்கு. எத்தனை மூட்டை என்று கொடுத்தால் எத்தனை குவிண்டால், எவ்வளவு பணம் என்று அந்த ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். அதற்கு ‘மூட்டை’ என்றே தமிழில் பெயர் வைத்தான். லினக்ஸில் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், அந்தப் பெயரையே கட்டளையாக அடிக்கவும் செய்யலாம். பல பேருக்கு இது தெரிவதில்லை.

ஹோம் ஃபோல்டருக்குள் ‘பின்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஸ்கிரிப்டை அதில் போட்டு, இயக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டு, டெர்மினலில் ‘மூட்டை 100’ என்று அடித்தான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது அவன் மெஷினில் இருந்த உபுண்டு லினக்ஸ். டெர்மினலை மூடித் திறந்து பார்த்தான். அதே பதில். கடுப்பில் மெஷினையே அணைத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தான். 40 குவிண்டால் என்று வந்துவிட்டது.

“விண்டோஸ் மாதிரி இதுக்கும் ரீஸ்டார்ட்தானா மாமா?” என்று கேட்டான்.

ரீஸ்டார்ட் தேவையே இல்லை. லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்திருந்தாலே போதும். ஆனால் டெர்மினலை மூடித் திறந்தது ஏன் போதவில்லை? இது புரிந்துவிட்டால் .பேஷ்ஆர்சி, .புரொஃபைல், .பேஷ்_புரொஃபைல் என்று, லாகினிலும் டெர்மினல் திறக்கும்போதும் படிக்கப்பட்டுப் புதியவர்களைக் குழப்பும் கோப்புகளில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

பெயர்களை இங்கே வாயால் சொல்கிறபடி எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது கோப்புப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது, முன்னால் இருக்கும் புள்ளியை விட்டுவிடக் கூடாது. புள்ளியில் தொடங்கினால் அது மறைந்திருக்கும் கோப்பு என்று அர்த்தம். ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு -ஏ சேர்த்தால்தான் கண்ணில் படும். ஃபோல்டரைத் திறந்து வைத்துப் பார்க்கிறவர்கள் கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தலாம்.

டெர்மினல் என்பது வெறும் விண்டோ. அதற்குள் உட்கார்ந்து, நீங்கள் அடிப்பதைப் படித்து, வேலையை நடத்துகிற புரோகிராம்தான் ஷெல். லினக்ஸில் பெரும்பாலும் அது பேஷ். க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1979-இல், பெல் லேப்ஸின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் வந்திருந்தது. .புரொஃபைல் என்ற கோப்பு அந்தக் காலத்துச் சொத்து. லாகின் செய்ததும் ஒரு ஷெல் வரும், அது .புரொஃபைலைப் படிக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரே லாகினுக்குள் ஏழெட்டு டெர்மினல் திறந்து வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றிலும் ஒரு ஷெல். லாகினில் ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய வேலை வேறு, ஒவ்வொரு ஷெல்லும் எழும்போது செய்ய வேண்டிய வேலை வேறு. அதனால்தான் கோப்பும் ஒன்றுக்கு மேல்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்த்துவிடலாம். லினக்ஸில் எந்தப் புரோகிராமும் தானாக முளைப்பதில்லை, இன்னொரு புரோகிராம்தான் அதைத் தொடங்கிவைக்கும். தொடங்கிவைப்பது தாய், தொடங்கப்பட்டது பிள்ளை. தாயிடம் இருக்கும் சூழல் மாறிகள், அதாவது புரோகிராம்களுக்குத் தகவல் சொல்லும் பெயரிட்ட மதிப்புகள், பிள்ளைக்கு வந்து சேரும். அவற்றில் முக்கியமானது பாத். அந்தப் பெயரின் நான்கு எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்து. கட்டளையின் பெயரை அடித்ததும் எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேடுவது என்ற பட்டியல் அதில் இருக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வந்தது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, பாமணியாற்று வழியாக மன்னார்குடிப் பக்கம் போகிறது. மேலே திறந்தால் கீழே வரும். கடைமடையில் ஒருவர் தன் வயல் மடையை அடைத்தாலும் திறந்தாலும் கல்லணையில் ஒரு அங்குலம் கூட மாறாது. ஷெல்லிலும் அப்படித்தான். லாகின் ஷெல் தலைமடை, டெர்மினலுக்குள் இருப்பது கிளை வாய்க்கால், அதிலிருந்து ஓடும் ஸ்கிரிப்ட் வயல். பிள்ளை செய்கிற மாற்றம் தாய்க்கு ஏறாது. எக்ஸ்போர்ட் என்ற கட்டளை மதகைத் திறப்பதுதான். ஒரு மாறியை எக்ஸ்போர்ட் செய்தால் கீழே போகும், செய்யாவிட்டால் அந்த ஷெல்லோடு நின்றுவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை உதைக்கும். ஆற்றில் மேலே புதிதாகத் திறந்தால் கொஞ்ச நாளில் கீழே வந்து சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் பிள்ளை பிறக்கும்போது என்ன நகல் கிடைத்ததோ அதுதான். அப்புறம் தாயிடம் என்ன மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

இப்போது மூட்டைக்கு வருவோம். உபுண்டுவில் உங்கள் .புரொஃபைலைத் திறந்து பாருங்கள். குறிப்பு வரிகளை விட்டுவிட்டால் மூன்றே விஷயம்தான் இருக்கும். ஓடுவது பேஷ் என்றால் .பேஷ்ஆர்சியையும் படி. ஹோமில் பின் என்ற ஃபோல்டர் இருந்தால் அதை பாத்துக்கு முன்னால் சேர். .லோக்கல் என்பதற்குள் பின் இருந்தால் அதையும் சேர். ‘இருந்தால்’ என்பதைக் கவனியுங்கள். அவன் காலையில் லாகின் செய்தபோது அந்த ஃபோல்டரே இல்லை. மத்தியானம்தான் உருவாக்கினான். காலையில் படித்த கோப்பை யாரும் மறுபடி படிக்கவில்லை. புது டெர்மினல் திறந்தபோது அதற்குக் கிடைத்ததும் காலையில் அமைந்த பழைய பாத்தின் நகல்தான். மெஷினை அணைத்து ஆன் செய்தபோது லாகினும் புதிதாக நடந்தது, .புரொஃபைல் மறுபடி படிக்கப்பட்டது, ஃபோல்டரும் இருந்தது.

ஆக, எந்தக் கோப்பு படிக்கப்படும் என்பது ஷெல் எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்தது. கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இது லாகின் ஷெல்லா? ஆள் உட்கார்ந்து அடிக்கிற ஷெல்லா?

லாகின் ஷெல் என்றால் பேஷ் முதலில் எல்லாருக்கும் பொதுவான /எட்சி/புரொஃபைலைப் படிக்கும். அப்புறம் உங்கள் ஹோமில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடும். முதலில் கண்ணில் படுவதை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு மெஷினுக்குள் நுழைந்தால் கிடைப்பது இந்த வகை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்தாலும் இதே வகைதான்.

டெஸ்க்டாப்பில் டெர்மினல் ஐகானைத் தட்டினால் உபுண்டுவில் வருவது லாகின் ஷெல் அல்ல, ஆனால் ஆள் அடிக்கிற ஷெல். அது .பேஷ்ஆர்சியை மட்டும் படிக்கும். அதற்கு முன், உபுண்டுவும் சேர்ந்த டெபியன் லினக்ஸ் குடும்பத்தில் /எட்சி/பேஷ்.பேஷ்ஆர்சி என்ற பொதுக்கோப்பு ஒன்று உண்டு. ஸ்கிரிப்டை ஓட்டுவதற்காகப் பிறக்கும் ஷெல் மூன்றாவது வகை. அது இரண்டையும் படிக்காது, தாய் கொடுத்த சூழலோடு சரி.

சந்தேகமாக இருந்தால் டெர்மினலில் எக்கோ என்று அடித்து, இடைவெளி விட்டு $0 என்று கொடுங்கள். பதிலில் பேஷ் என்பதற்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தால் அது லாகின் ஷெல். கோடு இல்லை என்றால் பெரும்பாலும் இல்லை; பேஷை -எல் சேர்த்து நீங்களே தொடங்கியிருந்தால் மட்டும் கோடு இல்லாமலும் லாகின் ஷெல்லாக இருக்கும்.

மேலே சொன்ன ‘முதலில் கண்ணில் படுவதை மட்டும்’ என்ற விதி நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. மேக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் .பேஷ்_புரொஃபைலில் போடு என்கிறார். உங்கள் உபுண்டுவில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. சரி என்று புதிதாக உருவாக்கி ஒரே ஒரு வரி எழுதுகிறீர்கள். அடுத்த முறை எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் பேஷ் அந்தப் புதுக் கோப்பைப் பார்த்ததும் நின்றுவிடும், .புரொஃபைலைத் திறந்தே பார்க்காது. .புரொஃபைல்தானே .பேஷ்ஆர்சியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது? அதுவும் போச்சு. நிறங்கள் மறைந்துவிடும், சுருக்கக் கட்டளைகள் மறைந்துவிடும், பின் ஃபோல்டரும் பாத்தில் இருக்காது. எதையும் அழிக்கவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருந்தால் .பேஷ்_புரொஃபைலை உருவாக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸுக்கும் இதே பேச்சுதான். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பத்தில் கதை வேறு. அங்கே .பேஷ்_புரொஃபைல் ஆரம்பத்திலேயே இருக்கும், அதுவே .பேஷ்ஆர்சியைக் கூப்பிடவும் செய்யும்.

அப்படியானால் எதை எங்கே போடுவது? கீழே பாய வேண்டியவை .புரொஃபைலில்: பாத்தில் புது ஃபோல்டர் சேர்ப்பது, விருப்பமான எடிட்டர் எது என்று சொல்வது போன்ற எக்ஸ்போர்ட் வரிகள். பிள்ளைக்குப் போகாதவை .பேஷ்ஆர்சியில்: ஏலியாஸ் என்கிற சுருக்கப் பெயர்கள், சின்னச் சின்ன ஃபங்ஷன்கள், ப்ராம்ப்ட், அதாவது நீங்கள் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்துகள், எப்படித் தெரிய வேண்டும் என்பது. ஏலியாஸ் பரம்பரைச் சொத்தாக வராது, ஒவ்வொரு ஷெல்லும் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏலியாஸுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம். எல்எஸ் கட்டளையை அதன் நீளமான சுவிட்சுகளோடு அடிக்கச் சோம்பலாக இருந்தால் ‘பார்’ என்று ஒரு ஏலியாஸ் போட்டுக்கொள்ளுங்கள். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டால் வேலை செய்யாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூழல் மாறிகளின் பெயருக்குத் தமிழ் ஆகாது, அங்கே ஆங்கில எழுத்துதான்.

பாத் வரியையும் .பேஷ்ஆர்சியில் போட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகாது, பல பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஷெல்லுக்குள் இன்னொரு பேஷைத் தொடங்கினால் அதே ஃபோல்டர் பாத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று சேர்ந்துகொண்டே போகும். டெஸ்க்டாப் மெனுவிலிருந்து தொடங்கும் புரோகிராம்களுக்கும் அந்த வரி போய்ச் சேராது, அவை .பேஷ்ஆர்சி வழியாக வருவதே இல்லை.

.புரொஃபைலில் எழுதும்போது இன்னொன்று. உபுண்டுவில் டெஸ்க்டாப் லாகின் நடக்கும்போது அந்தக் கோப்பைப் படிப்பது பேஷாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே எஸ்ஹெச் என்ற பெயரில் இருப்பது டாஷ் என்ற சின்ன ஷெல். பேஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்புக்குறி போன்றவற்றை அது புரிந்துகொள்ளாது. .புரொஃபைலில் எளிய வரிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாற்றியதும் லாக் அவுட் செய்தே தீர வேண்டுமா? சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் தேவையில்லை. சோர்ஸ் என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், இப்போது நீங்கள் இருக்கும் ஷெல்லே அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்துக்கொள்ளும். அதே கோப்பை ஸ்கிரிப்டாக ஓட்டினால் ஒன்றும் நடக்காது. ஸ்கிரிப்டை ஓட்டுவது ஒரு பிள்ளை ஷெல். அது எல்லா மாற்றத்தையும் தன்னிடமே செய்துகொண்டு, முடிந்ததும் மறைந்துவிடும். சோர்ஸ் செய்தாலும் இந்த ஒரு டெர்மினலுக்குத்தான் பலன், பக்கத்தில் திறந்திருக்கும் டெர்மினலுக்குத் தெரியாது.

இந்தக் கோப்புகளில் கை வைக்கும்போது இன்னொரு டெர்மினலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய கோப்புக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள். புதியவர்கள் அடிக்கடி செய்வது, பாத்தில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கப் போய்ப் பழைய பாத்தையே தூக்கிவிடுவது. புது ஃபோல்டரை எழுதி, பிரிப்புக்கு இரட்டைப் புள்ளி வைத்து, அதோடு டாலர் குறி போட்ட பாத்தைச் சேர்க்க மறந்துவிட்டால் பட்டியலில் அந்த ஒரு ஃபோல்டர்தான் மிஞ்சும். எல்எஸ் அடித்தால் இல்லை என்னும், நேனோ என்ற எடிட்டரை அடித்தால் இல்லை என்னும். பதற வேண்டாம், கோப்புகள் எல்லாம் போட்ட இடத்தில்தான் இருக்கின்றன. சிடி, எக்கோ, எக்ஸ்போர்ட் மூன்றும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை, அவை எப்போதும் ஓடும். மற்றதை முழு முகவரியோடு அடிக்கலாம்: /யூஎஸ்ஆர்/பின்/நேனோ என்று கொடுத்தால் எடிட்டர் திறந்துவிடும், தப்பான வரியைத் திருத்திக்கொள்ளலாம். .பேஷ்ஆர்சியே கெட்டுப்போய் டெர்மினல் திறந்ததும் மூடிக்கொள்கிறது என்றால், அந்தக் கோப்பைப் படிக்காமல் பேஷைத் தொடங்க --நோஆர்சி என்ற சுவிட்ச் இருக்கிறது. .புரொஃபைலில் எக்ஸிட் என்று ஒரு வரி தெரியாமல் நுழைந்துவிட்டால் டெஸ்க்டாப் லாகினே திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் வந்து நிற்கலாம்.

.பேஷ்ஆர்சியின் தலையிலேயே ‘வாங்க, வணக்கம்’ என்று எக்கோ போட்டு அழகு பார்ப்பவர்களும் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு மெஷினிலிருந்து கோப்பு அனுப்பும்போதும் பேஷ் .பேஷ்ஆர்சியைப் படிக்கும். கோப்பு வரும் வழியில் உங்கள் வணக்கமும் கலந்து போய், அனுப்புகிற புரோகிராம் குழம்பி நின்றுவிடும். உபுண்டுவின் .பேஷ்ஆர்சி தொடக்கத்தில், ஆள் அடிக்கிற ஷெல்லாக இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்காமல் திரும்பிவிடு என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். வணக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதற்குக் கீழே சொல்லுங்கள்.

க்ரான் என்ற புரோகிராமில் நேரம் குறித்து ஓடவிடும் வேலைகளுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. க்ரான் உங்கள் .புரொஃபைலையும் படிக்காது, .பேஷ்ஆர்சியையும் படிக்காது. டெபியன், உபுண்டுவில் அதன் பாத்தில் வழக்கமாக இருப்பது /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டே ஃபோல்டர்கள். டெர்மினலில் அடித்தால் ஓடுகிறது, க்ரானில் ஓடமாட்டேன் என்கிறது என்று யாராவது புலம்பினால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்கிரிப்டின் முழு முகவரியை எழுதுங்கள், இல்லாவிட்டால் க்ரான் பட்டியலின் மேலே பாத்துக்கு ஒரு வரி போடுங்கள்.

மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து புதுப் பயனர்களுக்கு பேஷுக்குப் பதில் ஸீஷெல் என்ற ஷெல்தான் கிடைக்கிறது. அதற்கு .ஸீஷ்ஆர்சி, .ஸீபுரொஃபைல் என்று தனிக் கோப்புகள். பேஷின் கோப்புகளை அது தொடாது. மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு முறையும் லாகின் ஷெல்லாகவே திறக்கும், அதனால்தான் அவர்கள் சொல்லும் யோசனை நம் மெஷினில் செல்லுபடியாவதில்லை.

கல்லூரி லேப் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், ஒவ்வொரு மாணவரின் ஹோமுக்கும் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவான சூழல் மாறிகளை /எட்சி/புரொஃபைல்.டி என்ற ஃபோல்டரில் .எஸ்ஹெச் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பாகப் போட்டால் லாகின் ஷெல்கள் எல்லாம் படித்துக்கொள்ளும். /எட்சி/ஸ்கெல் என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. புதுப் பயனருக்கு ஹோம் உருவாகும்போது அதிலிருக்கும் .பேஷ்ஆர்சியும் .புரொஃபைலும்தான் நகலாகப் போய் உட்காரும். அங்கே ஒருமுறை திருத்தி வைத்தால் இனி சேரும் மாணவர்கள் எல்லாருக்கும் அதுவே கிடைக்கும். ஏற்கெனவே கணக்கு இருக்கிறவர்களுக்கு அது தானாகப் போகாது. அவர்களுடைய ஹோமில் நீங்கள்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும், அதுவும் அவர்கள் சொந்தமாக எழுதிவைத்திருக்கும் வரிகள் மேல் கை வைக்காமல்.